சாவந்த் பெயரில் ஓடிய வேலை

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வந்த தம்பிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "இங்கிலீஷ்ல அடிச்சுக் குடுங்க அங்கிள், நாங்க கன்வர்ட் பண்ணிக்கிடுதோம்" என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. முப்பத்தோரு வருடம் நான் இங்கிலீஷில்தான் ரிப்போர்ட் எழுதினேன். எந்த மெஷினில், எத்தனை மணிக்கு, எந்த புரோகிராம் விழுந்தது, எப்படி எழுப்பினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதியவனுக்கு வயிற்றைக் கலக்கியதா என்று ஒரு வரி இருக்காது. ஆகவே இது தமிழில்தான். படிக்க வராதவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. செம்பூர்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே இருந்த பழைய கறுப்பு மெஷினைப் போன மாதம் கழற்றி எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் வேறெங்கோ ஓர் ஊரில் ஓடுமாம். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் வாட்ஸப்பில் படம் போட்டு, "சார், உங்க பேய் மெஷின் போயிடுச்சு" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கேலிக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் நின்ற யாருக்கும் கேலி வரவில்லை.

என்னைப் பற்றி நாலு வரி போதும். பிறந்தது தாராவி, தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மாட்டுங்காவில் கல்லூரி, பிறகு ஒரு கம்பெனியில் ஒன்பது மாத டிரெயினிங். மிட்ரேஞ்ச் மெஷின் என்று சொல்வார்கள். பாங்குகளில் இருக்கும் பெரிய பூதமும் இல்லை, மேஜைமேல் வைக்கும் பிசியும் இல்லை, நடுவாந்திரம். ஃப்ரிட்ஜ் உயரத்துக்குக் கறுப்பாக நிற்கும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதில் எப்போதாவது மட்டும் வரும் எரரைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

எப்போதும் வரும் எரரை எவன் வேண்டுமானாலும் பிடிப்பான். எப்போதாவது வருவதுதான் ஆளைக் கொல்லும். எங்கள் தொழிலில் ஷேர்டு லைப்ரரி என்று ஒன்று உண்டு. நோயாளி எண்ணைக் கொடுத்தால் பெயரையும் வயதையும் எடுத்துத் தருவதற்கு ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். பில் போடுகிறவர், மருந்துக் கவுன்டர், லேப், வார்டு எல்லோரும் அந்த ஒன்றைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சந்தில் பதினாறு வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த மாதிரி. குழாயில் கலங்கல் வந்தால் பதினாறு குடமும் கலங்க வேண்டும். பதினைந்து குடம் தெளிவாக இருந்து ஒரு குடம் மட்டும் கலங்கினால், அதுவும் என்றைக்கு யார் குடம் என்று தெரியாமல் கலங்கினால், என்ன செய்வீர்கள்? என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

என் மேலதிகாரி பத்மா மேடம். மாட்டுங்காக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலியை எனக்கு அரையடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீளமான நோட்டு ஒன்றை மடியில் விரித்து நேரம் எழுதுவார். 10.12க்கு இதைக் கேட்டோம், 10.14க்கு இது வந்தது, அவ்வளவுதான். நான் வாய்த்துடுக்காக, "மெமரி ப்ராப்ளமா இருக்கும் மேடம்" என்று ஆரம்பித்தால் பேனா நின்றுவிடும்.

"பார்த்தேளா தங்கராஜ், இல்லே நெனச்சேளா?"

"நெனச்சேன் மேடம்."

"அப்போ எழுதலை."

ஒருமுறை பிவண்டியில் ஒரு கோடவுன். ஒரே புரோகிராம், எட்டு குமாஸ்தாக்கள், ஒருவருக்கு மட்டும் அவ்வப்போது விழுகிறது. மேடம் என்னை அந்த மனிதருக்குப் பின்னால் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசாமல் உட்காரச் சொன்னார். நாலு மணிக்குத்தான் தெரிந்தது. அவர் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி லாகின் செய்யும்போது வேறு ஒரு மெனு வழியாக நுழைகிறார். அந்த வழியில் போனால் மெஷின் முதலில் நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் பரீட்சை லைப்ரரியைப் பார்க்கிறது, அதில் கிடப்பது பழைய பிரதி. அன்று லோக்கல் ரயிலில் திரும்பும்போது, இந்தப் பொம்பளைக்கு என்ன திமிர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனி ஆஸ்பத்திரி விஷயம்.

அந்த ஆஸ்பத்திரியில் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் சாவந்த். மராட்டிக்காரர், மெலிந்த ஆள், இருபது வருடமாக அந்த ஒரே அறையில் இருந்தவர். மெஷினை நிறுத்தவே விடமாட்டார். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று சுவரில் தினம் ஒரு கோடு போட்டு வைப்பார். தசராவுக்குச் சாமந்தி மாலை போட்டுக் குங்குமம் வைப்பார். கத்திரி, வண்டி எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு கொடுப்பார்கள், இதற்குக் கிடையாது. "ஓடுத மெஷினுக்குத்தான் பூசை, நிக்குத மெஷினுக்கு எதுக்கு" என்று அவர் மராட்டியில் சொன்னதை எங்கள் பாஷையில் ஸ்டெல்லா சொல்லிக் காட்டுவாள். ஸ்டெல்லா லேபில் ரத்தம் எடுக்கும் கவுன்டரில் இருந்தாள். அவளும் தாராவிதான், தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். என்னை அண்ணாச்சி என்பாள். புருஷன் படுக்கையில், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

சாவந்த் மே மாதம் இறந்துபோனார். மாரடைப்பு. சுவரில் கோடு போடுவது அதோடு நின்றது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டில் தொடங்கியது. நோயாளியின் ரத்தக் குழாயில் ஒட்டுவதற்குச் சின்ன லேபிள் பிரிண்ட் ஆகும். பெயர், ஆணா பெண்ணா, வயது, எண். காலையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில் சில லேபிள்கள் வராமலே போயின, மெஷினில் எரர் விழுந்தது. சிலது வேறு யாரோ பெயரில் வந்தது. அப்படி வந்த பெயர்களில் ஒருவரும் அன்று ஆஸ்பத்திரியிலேயே இல்லை. வயதைப் பார்த்தால் 104, 112, 121. ஸ்டெல்லா அவற்றைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்வாள். மறுபடி அடித்தால் சரியாக வரும். சிறுநீரக நோயாளி ஒரு சாந்தாபாய்க்கு அடித்தபோது லேபிளிலும் சாந்தாபாய் என்றே வந்திருக்கிறது. பெயரைப் பார்த்தாள், வயதைப் பார்க்கவில்லை, ஒட்டிவிட்டாள். லேபிளில் இருந்த சாந்தாபாய் வேறு, அவளுக்கு வயது 118. ரிசல்ட் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது. உயிரோடு இருந்த சாந்தாபாய் ஒரு பகல் முழுக்க ரிப்போர்ட் வராமல் கிடந்து, மூச்சுத் திணறி, ஐசியூவுக்குப் போய், எப்படியோ பிழைத்தாள்.

விசாரணை வைத்தார்கள். புதிதாக வந்திருந்த ஐ.டி. மேனேஜர் நிதின் எரர் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு எரருக்கும் எதிரே, யார் பெயரில் ஓடிய வேலை என்று மெஷின் எழுதி வைத்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பெயர். சாவந்த். செத்து மூன்று மாதம் ஆன மனிதன்.

செத்தவன் லாகின் செய்யமாட்டான், அவன் பாஸ்வேர்டு தெரிந்த யாரோ செய்கிறார்கள் என்றான் நிதின். யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது ஸ்டெல்லா கையைத் தூக்கியிருக்கிறாள். சாவந்த் வெளியே போனால், "மகளே, அந்த பிரிண்டர பாத்துக்கோ" என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவாராம். பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள், இவள் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டாள். வேலையை விட்டு நீக்கும் கடிதம் டைப் ஆகிவிட்டது. சனிக்கிழமை வெளிநோயாளிக் கூட்டம் முடிந்து நாலு மணிக்கு மெஷினை நிறுத்தி, எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி ஏற்றுவது, கடிதத்தையும் அப்போதே கொடுத்துவிடுவது என்று முடிவு. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கம்பெனி அனுப்பி மேடமும் நானும் போய் இறங்கினோம்.

ஸ்டெல்லா மெஷின் அறை வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, சத்தியமா சொல்லுதேன். அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அவரு போனப்புறம் நான் அத தொட்டதே இல்ல. செத்தவரு பேர்ல போய் யாராச்சும் அடிப்பாங்களா? எனக்குப் பயமா இருக்காதா?"

"கிழிச்ச லேபிள என்ன செஞ்ச?"

அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். பதினொரு லேபிள். பாதியாகக் கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். "பேரு எழுதுன காயிதத்த குப்பையில போட மனசு வரல அண்ணாச்சி. எல்லாம் செத்தவங்க பேருதான, எனக்குத் தெரியாதா?"

மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அருகில், அந்த நிமிடத்தில் உண்மையில் யாருக்கு லேபிள் கேட்டாள் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். மூன்றாவது லேபிளிலேயே தெரிந்துவிட்டது. கேட்டது 1004512. வந்தது 004512. கேட்டது 1006230. வந்தது 006230. முன்னால் இருக்கும் ஒன்று விழுந்துவிடுகிறது. அந்த வருடம் ஆகஸ்டில்தான் ஆஸ்பத்திரியின் நோயாளி எண் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒன்று போனால் மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரி திறந்த காலத்து எண்கள். அந்த எண் காலியாக இருந்தால் எரர், ஆள் இருந்தால் அந்த ஆளின் பெயர். மெஷினுக்குச் சாவு தெரியாது. பிறந்த தேதியை வைத்து இன்றைக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டு அடித்துக்கொடுக்கும். நூற்றுப் பதினெட்டு அப்படி வந்ததுதான்.

ஆனால் இந்தப் பழுதை நான் மார்ச்சிலேயே சரி செய்தாயிற்று! எண் ஏழு இலக்கம் ஆகப்போகிறது என்று தெரிந்து, பெயர் எடுக்கும் அந்தப் பொது புரோகிராமை மாற்றி, புதிய பிரதி வைத்தது நான்தான். திறந்து பார்த்தேன். ஏழு இலக்கம் இருக்கிறது. என் திரையிலிருந்து இருபது தடவை கூப்பிட்டேன். இருபதும் சரி.

"யாரோ வெளையாடுறாங்க மேடம்" என்றேன்.

"பார்த்தேளா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இப்போது மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைக் கேட்டேன். லேபிள் அடிக்கும் வேலை எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். அது இருந்தது. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், இன்னொரு வரி.

சாவந்த். லேபிள். நிலை: காத்திருக்கிறது.

என் பின்னங்கழுத்தில் மயிர் குத்திட்டு நின்றது. பொய் சொல்லவில்லை. அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது, ஸ்டெல்லா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். தொடங்கிய தேதியைப் பார்த்தேன். பிப்ரவரிக் கடைசி. அந்த மனிதரை மே மாதம் எரித்தார்கள். அவர் ஏற்றிவிட்ட வேலை ஆறு மாதமாக அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்கிறது. விசாரணை முடிந்ததும் நிதின் அவர் லாகினைப் பூட்டிவிட்டான், சரி. பூட்டினால் புதிதாக உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது ஒன்றும் செய்யாது.

அந்த வேலையின் உள்குறிப்பைத் திறந்தேன். அவர் தட்டியதெல்லாம் அதில் அப்படியே இருந்தது. முதல் வரியில் ஓர் எழுத்துப் பிழை. மெஷின் திட்டியிருக்கிறது. திருத்துகிறார், மறுபடி அதே இடத்தில் பிழை. மூன்றாவது தடவை சரியாக வருகிறது. சாவந்த் ஒற்றை விரலால் அடிப்பார், எப்போதும் அந்த எழுத்தில்தான் தடுக்குவார். பக்கத்தில் நின்று நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க முடியவில்லை, கண் எரிந்தது.

காலையில் லேபிள் மெதுவாக வருகிறது என்று லேப் புலம்பியிருக்கிறது. ஒன்று போதாது, இரண்டு ஓடட்டும் என்று அவர் தன் பெயரிலேயே இன்னொன்றை ஏற்றிவிட்டார், ரெஜிஸ்டரில் எழுதவில்லை. முதல் வேலை சும்மா இருக்கும்வரை எல்லா லேபிளும் அதற்கே போகும். அது மூச்சுமுட்டும்போது மட்டும் மிச்சத்தை சாவந்தின் வேலை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கூட்ட நேரத்தில் மட்டும் வந்தது. இதெல்லாம் சரி, ஆனால் அதுவும் என் புதிய பிரதியைத்தானே கூப்பிட வேண்டும்?

இந்த இடத்தில் மெஷினின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு புரோகிராமின் புதிய பிரதியை வைத்தால் அது பழையதை உடனே அழிக்காது. யாராவது அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கலாம் இல்லையா? அவர் வேலை கெடக்கூடாது என்று பழையதைத் தூக்கி ஓரமாக ஒரு லைப்ரரியில் போட்டுவிடும். நாங்கள் அதைப் பரண் என்போம். புதிதாக வருகிறவர்களுக்குப் புதியது, ஏற்கெனவே பிடித்திருப்பவருக்குப் பரணில் கிடக்கும் பழையது. அவர் முடிக்கும்வரை அப்படித்தான். மெஷினை நிறுத்தி ஏற்றினால் பரண் துடைத்துவிட்ட மாதிரி காலியாகிவிடும்.

பரணைத் திறந்தேன். ஒரே ஒரு பழைய பிரதி கிடந்தது. ஆறு இலக்கம். பிடித்திருப்பவர்: சாவந்த்.

"எப்போ பரணுக்குப் போச்சு?" என்றார் மேடம்.

நான் வாசிக்கவில்லை. என் கண் அந்த வரியில்தான் இருந்தது.

"என் கண்ணாடி பையில இருக்கு தங்கராஜ். நீங்களே படிங்கோ."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. படித்தேன். மார்ச் மாதம், புதன்கிழமை, காலை 11.07. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

எங்கள் வேலையில் முதல் விதி இது. பொது புரோகிராமை மாற்றும்முன் யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நான் கேட்கவில்லை. லேபிளுக்கு ஒன்றுதான் ஓடும், எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு. அந்த ஒன்றை நிறுத்தி, மாற்றி, ஏற்றிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷன் பக்கம் மசால் தோசை சாப்பிடப் போய்விட்டேன். படிவத்தில், வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று பார்த்து உறுதி செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நினைத்ததைப் பார்த்ததாக எழுதிவிட்டேன்.

மணி மூன்றேகால். நாலு மணிக்கு நிதின் மெஷினை நிறுத்துவான். பரண் காலியாகும். சாவந்தின் வேலை போகும். எரர் அதோடு நிற்கும், ரீஸ்டார்ட் செய்தோம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். எரர் நின்றதே ஸ்டெல்லாதான் செய்தாள் என்பதற்குச் சாட்சியாகவும் ஆகிவிடும், அவள் போனாள், பேயும் போயிற்று. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

மேடம் நோட்டில் 3.15 என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எழுந்து போய் சூப்பிரண்டென்ட் டாக்டர் அம்மாவைக் கூட்டி வந்தேன். வயதான மராட்டி அம்மாள், அதிகம் பேசாதவர். என் தப்பையும் சேர்த்து முழுவதும் சொன்னேன்.

நிதின் சிரித்தான். "இவங்க ரெண்டு பேரும் தாராவி. காப்பாத்தப் பாக்குறார்" என்றான் இந்தியில். "காலையிலேருந்து மெஷின்லதான உக்காந்திருக்கார்? என்ன வேணும்னாலும் செட் பண்ணியிருக்கலாம்."

டாக்டர் அம்மாள் என்னைப் பார்த்தார். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவரும் மெஷினைத் தொடாமல் காட்ட வேண்டும் என்றார்.

ஒரு வழிதான் தெரிந்தது. முதல் லேபிள் வேலையை நிதினே நிறுத்தி வைக்கட்டும். அப்போது எல்லா லேபிளும் சாவந்திடம்தான் போகும். டாக்டர் அம்மாளே கவுன்டரில் உட்கார்ந்து, முன்னால் ஒன்று சேர்த்த ஓர் எண்ணில் டெஸ்ட் என்று பொய் நோயாளி ஒன்றைப் பதிந்து லேபிள் கேட்கட்டும். ஒன்றை வெட்டினால் மிஞ்சும் பழைய எண்ணுக்கு யார் பெயர் வரும் என்று நான் முன்கூட்டியே காகிதத்தில் எழுதித் தருகிறேன்.

"மெஷினப் பாக்காம," என்றான் நிதின். "லேபிள் கவரையும் அந்தப் பக்கம் வையுங்க. மனசுல இருந்து சொல்லுங்க பாப்போம். ஒரு பழைய பேஷன்ட், எண்ணோட."

பழைய ரெஜிஸ்டர்கள் தேவ்நாரில் ஒரு கோடவுனில். போய் வர நேரம் இல்லை. மணி மூன்றே முக்கால். எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் மனப்பாடமாகத் தெரிந்த பழைய எண் ஒன்றே ஒன்றுதான்.

கல்யாணமான இரண்டாம் வருடம் கனகத்துக்கு அங்கேதான் பிரசவம். பெண் குழந்தை. பிறந்ததும் அதற்கென்று ஓர் எண் போட்டு அட்டை கொடுத்தார்கள். பெயர் வைக்கும்முன் மூன்றாம் நாள் போய்விட்டது. பிறகு எங்களுக்கு ஒரு பையன் பிறந்து வளர்ந்து ஆளாகிவிட்டான். அவளைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. பழைய அட்டைகளை எல்லாம் மெஷினில் ஏற்றியபோது நானும் அங்கே இருந்தேன். அந்த எண்ணை மட்டும் ஒருநாளும் திரையில் அடித்துப் பார்த்ததில்லை.

காகிதத்தில் எழுதினேன்: 218407. பேபி ஆஃப் கனகம். பெண். மடித்து டாக்டர் அம்மாளிடம் கொடுத்தேன்.

நிதின் முதல் வேலையை நிறுத்தி வைத்தான். டாக்டர் அம்மாள் நிதானமாக 1218407 என்று அடித்தார், பெயர் டெஸ்ட் என்று கொடுத்தார். ஸ்டெல்லா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மெஷின் அறையில் சாவந்தின் வரியில் 'காத்திருக்கிறது' என்பது மாறி 'ஓடுகிறது' என்று வந்ததாக மேடம் நோட்டில் எழுதியிருக்கிறார். 3.51.

லேபிள் பிரிண்டர் கிர்ரென்றது.

டாக்டர் அம்மாள் லேபிளைக் கிழித்து, என் காகிதத்தைப் பிரித்து, இரண்டையும் அருகருகே வைத்தார். நிதினும் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யே கோன் ஹை?" என்றார் டாக்டர் அம்மாள். யார் இது?

"என் பொண்ணு" என்றேன். "இங்கதான் பொறந்தா. மூணு நாள் இருந்தா."

டாக்டர் அம்மாள் லேபிளை என் பக்கம் திருப்பி வைத்தார். பேபி ஆஃப் கனகம். பெண். நான் எழுதித் தராத ஒன்றும் அதில் இருந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை. வயது 22.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா ஓடி வந்து, "அண்ணாச்சி, அண்ணாச்சி, தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள். அவளுக்கு இன்னும் தன் வேலை தப்பியது தெரியாது. டாக்டர் அம்மாள் டைப் ஆகியிருந்த கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி நாலாகக் கிழித்த பிறகுதான் புரிந்து, சத்தமாக அழுதாள்.

நாலு மணிக்கு மெஷினை நிறுத்தினார்கள். நிறுத்தும்முன் சாவந்தின் வேலையை முறைப்படி முடிக்க வேண்டும், அதை நான் செய்கிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை. லேபிளும் என் காகிதமும் ரிப்போர்ட்டோடு பின் அடித்து ஆஸ்பத்திரிக் கோப்பில் போயின. திருப்பித் தாருங்கள் என்று கேட்க ஒரு நிமிடம் வாய் வந்தது. சாட்சி அல்லவா, ஸ்டெல்லாவுக்கு நாளைக்குத் தேவைப்படும் என்று விட்டுவிட்டேன். ரிப்போர்ட்டில், சரிபார்க்காமல் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது நான் என்று எழுதினேன். கம்பெனி எனக்கு மெமோ கொடுத்தது, அந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலிருந்து என்னை எடுத்தது, அந்த வருடம் வரவேண்டிய பதவி வேறு ஒருவனுக்குப் போனது. மேடம் அதைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை போயிருக்கும். மாட்டுங்கா ஸ்டேஷனில் அவர் இறங்கும்போது, "பார்த்ததை எழுதினேள்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனபோது கனகம் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சாவந்த், பரண், எண் எல்லாம். அவள் திரும்பவில்லை, குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"பேரு எப்படிப் போட்டிருந்துச்சு?"

"ஒம் பேருதான். பேபி ஆஃப் கனகம்னு."

"வேற?"

"வயசு போட்டிருந்துச்சு. இருபத்திரெண்டுன்னு."

குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்கு" என்றாள், விரல் ஒன்றைக்கூட மடக்கி எண்ணாமல். "ஐப்பசி வந்தா இருபத்திமூணு."